கஞ்சாவுக்கு வக்காலத்து

தம்பு செட்டித் தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் என் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வக்கீல் குமாஸ்தாக்கள் உட்கார ஒரு ஸ்டூல். 19 வருஷமாக அங்கே உட்கார்ந்து மனு அடிக்கிறேன். காலையில் கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறி, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தாண்டி பீச்சில் இறங்கி நடந்தால் ஒன்பதரைக்கு ஷட்டரைத் தூக்கிவிடலாம். ரயில் லேட் ஆனால் குமாஸ்தாக்கள் கட்டும் கையுமாக வாசலில் நிற்பார்கள்.

நான் அடிப்பதில் பாதிக்கு மேல் ஜாமீன் மனுதான். அதற்கு யோசிக்கவே வேண்டாம். பழைய ஃபைலைத் திறந்து பெயர், வயது, தகப்பனார் பெயர், குற்ற எண், ரிமாண்ட் ஆன தேதி, இந்த ஐந்தையும் மாற்றினால் புது மனு ரெடி. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோது 437 என்று இருந்த இடத்தில் எல்லாம் 480 என்று போட்டேன். மற்றபடி “மனுதாரர் நிரபராதி”, “குடும்பத்தில் சம்பாதிப்பவர் இவர் ஒருவரே”, “நீதிமன்றம் விதிக்கும் எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படுவார்” என்ற மூன்று வரியும் நான் கடை திறந்த நாளில் இருந்து அப்படியே இருக்கின்றன. கம்ப்யூட்டரில் ‘அடிதடி’ என்று ஒரு ஃபைல், ‘செயின்’ என்று ஒரு ஃபைல், ‘கஞ்சா சின்னது’, ‘கஞ்சா பெரியது’ என்று இரண்டு ஃபைல். அதிகம் திறப்பது ‘கஞ்சா சின்னது’.

மனு ஆங்கிலத்தில் இருக்கும். கூட வரும் அம்மாக்கள், “இன்னாம்மா எழுதிக்கீறே, படிச்சுச் சொல்லேன்” என்பார்கள். நான் தமிழில் சொல்வேன். புளியந்தோப்பில் இருந்து வந்த ஒரு அம்மா, காலி மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டுக் கடைசி வரைக்கும் கேட்டார். அப்புறம், “எம் புள்ள ஒண்ணுமே பண்லன்னா போட்டுக்கீறே?” என்றார். ஆமாம்மா என்றேன். “அவங்கைல ஒரு பொட்டலம் இருந்துச்சேம்மா. கோர்ட்டுல போயி பொய் சொல்லலாமா?”

இத்தனை வருஷத்தில் என் மனுவின் முதல் வரியைப் பற்றி அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பதில் சொல்லாமல் பிரிண்ட் கொடுத்தேன். ‘வைத்திருந்தான், அதற்காக உள்ளே வைக்காதீர்கள்’ என்று கேட்க என்னிடம் ஃபைல் இல்லை.

அது கிடக்கட்டும். இதை எழுத உட்கார்ந்தது எங்கள் வீட்டுக் கதைக்காக.

என் அக்கா மகனுக்கு 2022இல் வயது 20. போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். விடியற்காலையில் கார்ப்பரேஷன் கிரவுண்டில் ஓட்டம், அப்புறம் கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது. தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். இவன் ஆறே காலில் முடிப்பான். அக்காதான் கையில் கடிகாரத்தோடு கிரவுண்ட் ஓரத்தில் நிற்பாள். பகலில் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பசங்களோடு தம் அடிப்பான். அது சிகரெட் மட்டும் இல்லை என்பது அக்காவுக்குத் தெரியாது. எனக்கு அரைகுறையாகத் தெரியும். கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அந்த வருஷம் கோடையில் தமிழ்நாடு முழுக்க ‘கஞ்சா வேட்டை 2.0’ நடந்தது. நாலு பேர் காசு போட்டு வாங்கிய பொட்டலங்களை எடுத்து வரப் போனவன் இவன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தண்டவாள ஓரத்தில் பிடித்தார்கள். பேப்பரில் மடித்த ஐந்து பொட்டலம், மொத்தம் 40 கிராம். பொய் கேஸ் இல்லை. அவன் பேன்ட் பாக்கெட்டில் இருந்தது உண்மை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கஞ்சா கேஸ் என்றாலே ‘போலீஸ் வைத்து எடுத்தது’ என்று ஆரம்பிப்பதுதான் எங்கள் தெரு வழக்கம். அப்படியும் நடப்பதுண்டு. இது அது இல்லை.

இந்த அளவு கேஸில் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து அனுப்பலாம் என்று வக்கீல்கள் வாதாடுவார்கள். சிலரை அப்படி அனுப்பவும் செய்கிறார்கள், சிலரை ரிமாண்ட் செய்கிறார்கள். எந்தப் பக்கம் விழுவோம் என்பது அன்றைக்கு இருக்கும் அதிகாரியைப் பொறுத்தது. இவன் ரிமாண்ட் பக்கம் விழுந்தான். புழலில் 11 நாள். ‘கஞ்சா சின்னது’ ஃபைலைத் திறந்து அவன் பெயரை நானே அடித்தேன். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என் மாமாவின் பெயரை அடிக்கும்போது கை கொஞ்சம் நின்றது. அவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது, ‘லேட்’ என்று சேர்க்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்தது. கிடைத்தால் போதுமா? இரண்டு பேர் ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களிடம் வீட்டு வரி ரசீது வேண்டும். நாங்கள் இருப்பது வாரியக் குடியிருப்பு. எங்கள் பிளாக்கில் யாரிடம் சொந்த வீட்டு ரசீது இருக்கிறது? பொன்னேரியில் இருந்து மாமாவின் சித்தப்பாவையும் அவர் சம்பந்தியையும் கெஞ்சிக் கூட்டி வந்தோம். சம்பந்தி வரை செய்தி போனது என்றால் ஊர் முழுக்கப் போனது என்று அர்த்தம். அதற்கு மேல் நிபந்தனை: 30 நாள், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.

பத்தரை மணி கையெழுத்து என்றால் என்ன என்று சட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். கையெழுத்து போட ஒரு நிமிஷம். அந்த நோட்டு வர, அய்யா வர, ‘உட்கார்’ என்று சொல்லி மறந்துபோக, ஒரு மணி நேரம். எம்.சி. ரோட்டுக் கடை பத்து மணிக்குத் திறக்கும். முதல் வாரம் காய்ச்சல் என்றான். இரண்டாவது வாரம் முதலாளிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. “நல்ல பையன்தான், ஆனா கடையில பொம்பளைங்க வர்ற இடம்” என்று கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். நான் முதலாளியாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியாது.

அப்புறம் வாய்தா. சார்ஜ்ஷீட் வரவே எட்டு மாதம். வந்த பிறகு நாலு வாய்தா. நாலாவது வாய்தாவில் நான்தான் சொன்னேன். “ஒத்துக்கிட்டு ஃபைன கட்டிடுடா. தல முழுகிடலாம்.” ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் இந்த மாதிரி கேஸ்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் சாட்சி, குறுக்கு விசாரணை என்று இழுப்பதில்லை, தினக்கூலி போகும். உள்ளே இருந்த 11 நாளே தண்டனை, கூட 5,000 ரூபாய் அபராதம். மூவாயிரம் நான் போட்டேன். அன்று சாயங்காலம் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ வாங்கிச் சாப்பிட்டோம். அக்கா ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். “சித்தி, இன்னொரு பிளேட் சொல்லவா?” என்று அவன் கேட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

அடுத்த தேர்வு அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தை என் கடையில்தான் நிரப்பினான். குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்ற இடம் வந்ததும் மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். நான் பக்கத்து வக்கீலைக் கேட்டேன். “ஒத்துக்கிட்டாலே அது கன்விக்‌ஷன்தானேம்மா, உங்களுக்கா தெரியாது?” என்றார்.

எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அந்த வார்த்தையை ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன்.

காவலர் தேர்வு விதியில் தண்டனை பெற்றவன் மட்டும் இல்லை, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை ஆனவனும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவனாகவே வைக்கப்படுகிறான். அதாவது அன்றைக்கு நான் அவனைக் கேஸ் நடத்தச் சொல்லி, ஜெயித்திருந்தால்கூட நிச்சயம் இல்லை. இது எனக்கு ஆறுதலா என்றால், இல்லை.

அதற்கப்புறம்தான் அந்தச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டம், கோர்ட்டில் என்டிபிஎஸ் என்போம். கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் கீழே சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறிய அளவுக்கு ஒரு வருஷம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014க்கு முன்னால் அது ஆறு மாதமாக இருந்தது, கூட்டினார்கள். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து வருஷம் வரை போகும். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ‘கஞ்சா பெரியது’ ஃபைலில் நான் அடித்த எடைகளில் 1.100, 1.150, 1.200 என்பவை திரும்பத் திரும்ப வருகின்றன. வாங்குகிறவன் கிலோ கணக்கில் வாங்கும்போது சரியாக நூறு கிராம் கொசுறு எப்படி விழுகிறது என்று எனக்குப் புரிந்ததே இல்லை. காய்கறிக்காரர் போடும் கறிவேப்பிலை மாதிரி. வக்கீல்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. அதே சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் உள்ள நுனி. நுனி சேராத இலையும் விதையும் கஞ்சா இல்லை. அதனால்தான் காசியில் அரசு உரிமம் வாங்கிய பாங் கடை இருக்கிறது. ஒரே செடி, இலைக்கு லைசென்ஸ், பூவுக்கு ஜெயில். நம் சித்த வைத்தியத்தில் அதற்குக் கோரக்கர் மூலி என்று பெயர்கூட உண்டு, ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் யாரும் பொட்டலம் வாங்குவதில்லை. அதனால் அந்த வாதத்தை நான் எடுக்கப் போவதில்லை.

நான் தலையில் அடித்துக்கொண்டது வேறு இடத்தில். கஞ்சாவைப் புகைத்து முடித்தவன் மேல் போடுவது 27ஆவது பிரிவு, ஆறு மாதம் வரை. பையில் வைத்திருந்தவன் மேல் 20ஆவது பிரிவு. 27 என்றால் ஜெயிலுக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடக் கோர்ட்டுக்கு வழி இருக்கிறது, அப்படி விட்டால் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவு சொல்கிறது. 20இல் வந்த 18 வயது தாண்டியவனுக்கு அந்த வழியை இந்தச் சட்டத்தின் 33ஆவது பிரிவு அடைத்து வைத்திருக்கிறது. அந்த நாலு பசங்களும் அரை மணி நேரம் முன்னால் பற்றவைத்து முடித்திருந்தால் அக்கா மகன் கதை வேறு. புகைக்காமல் பையில் வைத்திருந்ததுதான் அவன் செய்த பெரிய தப்பு.

64ஏ என்று ஒரு பிரிவும் இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட ஒரு போதை அடிமை, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கே கிடையாது. நல்ல பிரிவுதான். 19 வருஷத்தில் அதன் கீழ் நான் அடித்த மனு இரண்டு. எங்கள் வக்கீல் அன்றைக்கே இதைச் சொன்னார், “அடிமைன்னு எழுதிடலாம்மா, கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரியில சீட்டு வாங்கிட்டு வாங்க.” அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “ஞாயித்துக்கெழம ஒரு நாள் குடிச்ச புள்ளைய அடிமைன்னு எழுதவா? நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அவன் அடிமை இல்லை. இந்தச் சட்டத்தில் தப்பிக்க வேண்டும் என்றால் ஒன்று நிரபராதி என்று பொய் சொல்ல வேண்டும், இல்லை அடிமை என்று பொய் சொல்ல வேண்டும்.

நான் இதைப் பேச ஆரம்பித்ததும் எங்கள் பிளாக்கில் ஒரு அக்கா கேட்டார், “இன்னாடி, கஞ்சாவுக்கு வக்காலத்தா?” வக்காலத்து ஃபார்ம் என் கடையில்தான் விற்கிறேன். அது கட்சிக்காரர் வக்கீலுக்கு எழுதிக் கொடுப்பது. கஞ்சாவுக்கு நான் எழுதித் தரவில்லை. எனக்கு அந்த நாற்றமே ஆகாது. எதிர் வீட்டுப் பையன் ஒன்பதாவது படிக்கும்போதே ஆரம்பித்தவன், இன்று சுவரோடு பேசுகிறான், அவன் அம்மா மாதம் ஒருமுறை அவனைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிப் போகிறார். சின்ன வயசில் ஆரம்பித்து விடாமல் இழுத்தால் மனநோய் வரும் ஆபத்து கூடுகிறது என்று டாக்டர்கள் சொல்வதை நான் கண்ணால் பார்க்கிறேன். பள்ளிக்கூட வாசலில் விற்கிறவனை விடுங்கள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, அவனைப் பிடிக்கட்டும். விற்பதற்குக் கடை வைக்கவும் கேட்கவில்லை. அந்த எதிர் வீட்டுப் பையனையும் இரண்டு தடவை பிடித்தார்கள். இரண்டு தடவையும் ஜாமீன் மனு நான்தான் அடித்தேன். சுவரோடு பேசுவது நிற்கவில்லை.

போதை என்று பார்த்தால் எங்கள் தெருமுனையில் பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்கு மூடும் கடை இருக்கிறது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். 2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்த கணக்கெடுப்பில் நாட்டில் மது குடிப்பவர்கள் 16 கோடிப் பேர், கஞ்சா, சரஸ் (அதே செடியின் பிசின்) எடுப்பவர்கள் 1.3 கோடிப் பேர். என் மாமா, அதாவது இவன் அப்பா, அந்த 16 கோடியில் ஒருவராக இருந்துதான் 46 வயதில் ஈரல் கெட்டுப் போனார். அவர் மேல் ஒரு கேஸ் கிடையாது. டெத் சர்டிபிகேட்டை நான்தான் ஜெராக்ஸ் எடுத்தேன்.

சரி, யாரிடம் என்ன கேட்பது? எம்எல்ஏக்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். “அது டெல்லி சட்டம்மா, நம்ம கைல ஒண்ணும் இல்ல.” இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜல்லிக்கட்டு மட்டும் யார் சட்டம்? மிருகவதைத் தடுப்புச் சட்டம் டெல்லி போட்டதுதான். 2017 ஜனவரியில் மெரினாவில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள், 21ஆம் தேதி அவசரச் சட்டம், 23ஆம் தேதி சட்டசபையில் மசோதா, அந்த மாதம் முடிவதற்குள் ஜனாதிபதி ஒப்புதல். மத்தியச் சட்டத்தைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தினார்கள். அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் மிருகவதை 17ஆவது வரி. மருந்தும் விஷமும் 19ஆவது வரி. நடுவில் மூன்று வரிதான், காடு, காட்டு விலங்கு, உணவுக் கலப்படம். பட்டியலில் இருக்கும் விஷயத்தில் மாநிலம் திருத்தம் போட்டு ஜனாதிபதியின் ஒப்புதலுக்கு அனுப்ப 254(2) இருக்கிறது. டெல்லி ஒப்புதல் தராமல் போகலாம். நீட் விஷயத்தில் பார்த்தோமே. ஆனால் அனுப்பிக் கேட்கலாம் இல்லையா? சர்வதேச ஒப்பந்தம் தடுக்கும் என்று எங்கள் வக்கீல் ஒருவர் சொன்னார். 1961 ஒப்பந்தத்தில் ஹெராயினோடு மிகக் கடுமையான பட்டியலில் இருந்த கஞ்சாவை 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் ஓட்டெடுத்து அங்கிருந்து எடுத்தது. எடுக்கலாம் என்று ஓட்டுப் போட்ட 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2021இல் மத்திய சமூகநீதி அமைச்சகமே, சொந்த உபயோகத்துக்குச் சிறிய அளவு வைத்திருப்பதைக் குற்றமாகப் பார்க்க வேண்டாம், சிகிச்சைக்கு அனுப்புங்கள் என்று வருவாய்த் துறைக்கு எழுதியதாகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள்தான். ஒரு பிரிவு எண் தப்பாக விழுந்திருந்ததைச் சரி செய்ய. டைப்பிங் மிஸ்டேக். எனக்குப் பழக்கமான வேலை.

அமெரிக்காவில் ஒரேகான் மாநிலம் 1973லேயே, ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் வரை வைத்திருந்தால் ஜெயில் இல்லை, 100 டாலர் வரை அபராதம் என்று மாற்றியது. அங்கேயும் மத்திய அரசின் தடை தலைக்கு மேல் இருக்கத்தான் செய்தது. மாநிலச் சட்டசபைதான் முதலில் அசைந்தது, பிறகு ஒவ்வொரு மாநிலமாகப் பின்னால் வந்தன. அவர்கள் அரசியல் சாசனம் வேறு, நம்முடையது வேறு, தெரியும்.

டெல்லி பக்கமே போகாமல் செய்யக்கூடியதும் நிறைய. காவலர் தேர்வு விதி நம் மாநில அரசுடையது. சிறிய அளவு கஞ்சாவுக்கு ஒரு தடவை அபராதம் கட்டிய 20 வயதுப் பையனுக்கு அதில் விலக்கு கொடுக்க எந்த ஒப்புதலும் வேண்டாம். போலீஸ் மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு மாதம் இத்தனை கேஸ் என்று பேசுவதை நிறுத்தலாம், கைதுக்குப் பதில் நோட்டீஸ் கொடுத்து அனுப்பச் சொல்லலாம். 64ஏ என்ற பிரிவு இருக்கிறது என்று ஸ்டேஷன் சுவரில் தமிழில் எழுதி வைக்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் வடசென்னைப் பிள்ளைகளுக்குச் சாயங்கால நேரத்தில் ஒரு ஓபி வைத்தால், வேலைக்குப் போகிறவனும் போவான். இதெல்லாம் செய்துவிட்டு, வைத்திருப்பதற்கு ஜெயில் வேண்டாம் என்று ஒரு தீர்மானம் சட்டசபையில் போட்டு அனுப்பலாம். எத்தனையோ விஷயத்துக்குத் தீர்மானம் போட்ட சட்டசபைதானே.

ஓட்டுப் போய்விடும் என்று பயப்படுவார்கள். ‘கஞ்சாவை ஆதரித்தவர்’ என்று மறுநாளே சுவரொட்டி அடிப்பார்கள், அதுவும் உண்மை. ஆனால் கோர்ட் வாசலில் வீட்டு வரி ரசீதுக்கு அலையும் அம்மாக்களும் ஓட்டுப் போடுகிறவர்கள்தான்.

போன மாதம் இதையெல்லாம் நாலு பக்கத்தில் மனுவாக அடித்தேன். இந்தத் தடவை தமிழில். முதல் வரியில் நிரபராதி என்று போடவில்லை. ‘எங்கள் வீட்டுப் பையன் 40 கிராம் கஞ்சா வைத்திருந்தான்’ என்று ஆரம்பித்தேன். பெயர் போடவில்லை. எம்எல்ஏ அலுவலகத்தில் உதவியாளர் நோட்டில் பதிய, “பட்டாவா, குடிதண்ணியா, முதியோர் பென்ஷனாம்மா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் பேனாவை வைத்துவிட்டு முதல் பக்கத்தை முழுக்கப் படித்தார். பிறகு ‘இதர’ என்று எழுதிச் சீல் போட்டுக் கொடுத்தார்.

அக்கா மகன் இப்போது காசிமேட்டில் போட்டுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறான். ராத்திரி வேலை. கஞ்சா தொடுவதில்லை. வேலை முடிந்தால் குடிக்கிறான், அப்பா மாதிரி. மனுவின் நகலை அவனிடம் காட்டினேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். எதுவும் சொல்ல மாட்டான் என்று நினைத்தேன்.

“நாப்பது இல்ல சித்தி. முப்பத்தெட்டு.”

எஃப்ஐஆரை எடுத்துப் பார்த்தேன். 38தான். நான்தான் இத்தனை நாளாக 40 என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாள் கடையில் அந்த ஒரு எண்ணை மட்டும் திருத்தி இன்னொரு பிரதி எடுத்தேன். இங்கே மேலே எழுதியதைத் திருத்தவில்லை.